எஞ்சின் உனக்கு, ஸ்டீயரிங் எனக்கு

டேய் தம்பி, நெத்தியில ரத்தம் நின்னுடுச்சா? பஞ்சும் மருந்தும் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். காலைல நான் சீக்கிரம் வேலைக்குப் போயிடுவேன், அதான் இப்பவே எழுதறேன்.

விரிசலை அடைக்கற ரெசின்ல, அதை இறுக வைக்கற ஹார்டனரை அளவில்லாம ஊத்தினா டப்பா புகையும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ற ஃபைபர் போட்டு முழுசா எரிஞ்சிருக்கும். உன்னை அறைஞ்சதுக்கு வருத்தமில்ல, பக்கத்து வீட்டுக்காரர் முன்னாடி அறைஞ்சிருக்கக் கூடாது. "உனக்கு எடுபிடி வேலை செஞ்சது போதும், என் பங்கைப் பிரிச்சுக் குடு, நான் போறேன்"னு நீ கத்தினதும் எனக்கு வெறி ஏறிடுச்சு. கட்டிங் மெஷினை எடுத்து போட்டை நடுவுல அறுத்துட்டேன். "இந்தா, எஞ்சின் உனக்கு, ஸ்டீயரிங் எனக்கு!"ன்னு நானும் கத்தினேன்.

நீ துடுப்பால என் வாயிலயே அடிச்சே. நான் உன் தலையைப் புடிச்சு ஷெட் கதவுல மோதினேன்.

அம்மா போன் பண்ணா, அண்ணன் முன்பல்லு கல்லைக் கடிச்சு உடைஞ்சுதுன்னு சொல்லு. உன் நெத்திக்கு நீயே ஒரு பொய் யோசிச்சுக்கோ.

சுடுதண்ணியில குளிக்காதே, ஃபைபர் தூள் இன்னும் அரிக்கும்.

போறதுன்னா வீட்டுச் சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போ. ஆனா இந்த ஊர்ல சண்டை போடக்கூட உன்னை விட்டா எனக்கு ஆளில்ல.

இது காலைல எழுதறது: ஷெட் ஜன்னல் வழியாப் பார்த்தேன். உன் பங்கு எஞ்சின் பக்கத்துப் பாதியில மட்டும், புதுசா அடிக்கறதுக்காகப் பழைய பெயிண்டை முழுசாச் சுரண்டி வெச்சிருக்கே. சுரண்டற தகட்டைக் கையில புடிச்சபடியே அங்கயே தூங்கறே.