நீ அனுப்பிய மூடி

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து அறையில் அப்பா இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

உன் பார்சல் இன்று வந்தது. உள்ளே நம் படகின் அடித்துளையை அடைக்கும் பித்தளை மூடி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "கார்ல கிடந்துச்சுக்கா, ஸாரி." பக்கத்தில் சிரிக்கும் முகம் வேறு வரைந்திருக்கிறாய்.

குளிர்காலம் முழுக்கப் படகு உன்னிடம்தான் இருந்தது. போன சனிக்கிழமை அதைக் காரில் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டாய். எல்லாம் செக் பண்ணியாச்சு, அப்படியே தண்ணியில இறக்கலாம் என்றாய். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். நானும் நம்பினேன், புத்தி கெட்டவள்.

திங்கட்கிழமை, வராத வலது கைக்குப் பயிற்சி கொடுக்க அப்பாவை அந்தப் படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சாவியைத் திருப்பினால் எஞ்சினிடம் பேச்சு மூச்சே இல்லை. நீ இழுத்துவந்த குலுக்கலில் பேட்டரி ஒயர் கழன்றிருந்தது. இறுக்கினேன், கிளம்பியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நடு ஏரியில் எஞ்சின் இருமி இருமி நின்றது. பெட்ரோல் குழாயின் கிளிப் தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்தபோதுதான் கணுக்காலில் ஜில்லென்றது. ஓடும்வரை தெரியாத தண்ணீர், படகு நின்றதும் பின்பக்கம் குபுகுபுவென்று ஏறியது. தண்ணீரை இறைக்கும் பம்பைப் போட்டேன், சத்தமே இல்லை. அதையும் நீ செக் பண்ணியிருப்பாய்!

அடித்துளையில் மூடியே இல்லை. துப்பட்டாவை முறுக்கி அதில் திணித்து, குதிகாலால் மிதித்தபடியே கிளிப்பை இறுக்கினேன். அப்பா இடது கையால் டப்பாவில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் அவர் உதடு நடுங்கியது. அதைப் பார்த்தவள் நான். நீ இல்லை.

கரை சேர்ந்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா குறுக்கே வந்தார். "அவனைத் திட்டாதம்மா. ஞாயித்துக்கிழமை நான்தான் அந்த மூடியைக் கழட்டினேன். எங்க வச்சேன்னு மறந்துட்டேன்" என்றார். ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க வராத வலது கையை வைத்துக்கொண்டு, ஸ்பானர் போட்டுக் கழற்றினாராம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அத்தோடு விட்டாரா? பயிற்சி கொடுக்கும் பெண்ணிடமும் அதையே சொன்னார். இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை என்று சேர்த்துக்கொண்டார். அவள் டாக்டரிடம் சொல்ல, இந்த மாசக் கடைசியில் அவருக்கு ஞாபக மறதிக்கான சோதனை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

பள்ளிக்கூட ஜன்னலை நீ உடைத்தபோது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர், இப்போது தன் மூளையையே உனக்காக விட்டுக்கொடுக்கிறார்.

படகைச் சரிபார்க்க நீ வர வேண்டாம். ஒவ்வொரு திருகையும் நானே இறுக்கிவிட்டேன். அந்தச் சோதனைக்கு முன்னால் வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, "நான்தான்ப்பா" என்று சொல். இல்லை, நான்தான் என்று அவர் அடம்பிடிப்பார். பிடிக்கட்டும். நீ எழுந்து போய்விடாதே.

என்னோடு நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. வண்டியை மட்டும் பார்த்து ஓட்டி வா.

கோபம் தீராத,
அக்கா