கவுன் தோளில் போட்ட தையல்

என் பெரியவனுக்கு,

உன் மேல்முறையீடு முந்தாநாள் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. காத்திருக்கையில், வக்கீலின் கவுன் தோளில் பிரிந்து கிடந்ததைப் பார்த்தேன். தையற்காரன் கை சும்மா இருக்குமா? காலருக்கு அடியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசிநூலை எடுத்து வராந்தாவிலேயே தைத்துக் கொடுத்தேன்.

உனக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்ன கடைக்காரரையும் கெஞ்சி அழைத்துப் போயிருந்தேன். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றுதான் வந்தார். வக்கீல் அவரை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்.

"இங்க சாட்சியெல்லாம் கேக்க மாட்டாங்கய்யா. கீழ்க்கோர்ட்டு சட்டத்துல தப்பு பண்ணிச்சான்னு காகிதத்தைத்தான் பாப்பாங்க."

மூன்று நீதிபதிகளும் நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். நான் போட்ட தையலுக்கு ஆன நேரம்கூட, தள்ளுபடி என்று சொல்ல அவர்களுக்கு ஆகவில்லை. இதற்கு மேலே கோர்ட்டே இல்லையா என்று கேட்டேன். வக்கீல் கவுனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் வாய்தா போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வீட்டுக்கு வரும் நாளுக்குப் புதுச்சட்டை தைக்கச் சொல்லி என் உயிரை எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது தோள் அளவு கேட்பாள். முகத்தைத் தொங்கப் போடாமல் அளவு கொடு.

நான் தைத்து வைக்கிறேன்.

அப்பா