துரையின் நாய்க்கு எழுந்து நிற்பது

ஜூன் 8, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று போய்விட்டது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் என் வேலை இன்னும் நிரந்தரமில்லை.

காலையில் ரோஜர் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் கறுப்பு நாய். அவருக்கு முன்னால் வரும், மேசைக்கு மேசை மோந்து பார்க்கும், பிறகு துரை அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும். பங்களாவில் கட்டிப்போட்டால் ஊளையாம். வழக்கம்போல் எழுந்து நின்றேன். பக்கத்து மேசைக் கமலா அக்கா: "நாய்க்கெல்லாம் எந்திரிச்சு நிக்கிறியே, ஒரு சலாமும் வச்சிரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும். நாய் என்றாலே எனக்குப் பயம் என்று சொல்லவில்லை.

வாசலில் நாய் கிடந்ததால், துரையின் கையெழுத்துக்குப் போக வேண்டிய கடிதங்களை இன்றும் ஆபீஸ் தபால்காரர் ராமையா அண்ணனிடம் கொடுத்தே உள்ளே அனுப்பினேன். ஆபீசுக்குத் தலைமையான பெரிய கிளாக்கர் பார்த்துவிட்டார். "தொரை ரூமுக்குள்ள போகாத ஆளுக்கு இங்க என்ன வேல? இந்த மாசம் முடியிற வரைக்கும் பாப்பேன்."

ஜூன் 9, செவ்வாய்
மழை. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், அம்மாவுக்குத் தைலம், டோர்ச்சுக்குப் பற்றரி.

பெரிய கிளாக்கர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அங்கே ஒரு தழும்பு, முன்பிருந்த துரை ஒருவரின் நாய் கடித்தது. அந்தக் காலத்தில் துரையின் நாயைக் கண்டதும் தொழிலாளர் வழிவிட்டு ஒதுங்க வேண்டும், அம்மா அன்று பிந்திவிட்டாளாம். "கடிச்சது நாயி. மன்னிச்சிருங்க தொரைன்னு கும்புட்டது நானு." கோபமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் வந்தது. கால் தானாக எழுவது இதனால்தான் போலும். தெரிந்து என்ன, நாளைக்கும் எழுவேன்.

ஜூன் 11, வியாழன்
துரை ஹட்டன் டவுனுக்கு. நாயை விட்டுவிட்டுப் போனார். அது தேயிலைக்குள் சுற்றிவிட்டு வந்து, ஆபீஸ் நடுவில் நின்று தும்மல். தும்மலுக்குத் தும்மல் இரத்தம். பெரிய கிளாக்கர், "வெறி புடிச்சிருச்சு! கதவ மூடுங்க!" என்று உட்கார்ந்திருந்த கதிரைமேல் ஏறிவிட்டார். மூடினால் நாயும் நாங்களும் உள்ளே. யாரும் யோசிக்கவில்லை, ராமையா அண்ணன் மூடியே விட்டார்.

நான் மேசைமேல். அங்கிருந்து பார்த்தால் நாயின் மூக்குத் துவாரத்தில் கறுப்பாக ஒன்று நீண்டது, சுருங்கியது. அட்டை.

அட்டைக்குப் பயமில்லை. தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவளுக்கு அட்டை என்ன. மாட்டின் மூக்கில் ஏறினால் செய்வதுதான். தண்ணீரைக் கிட்டக் காட்டினால் அது வெளியே நீளும். "வெறியில்ல ஐயா, அட்ட" என்று இறங்கினேன். கமலா அக்கா ஒரு பேசின் தண்ணீரை நாயின் மூக்கருகே பிடித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அட்டை வழுக்காமலிருக்க என் கைக்குட்டையில் உப்பு. முதலில் வழுக்கியது. மறுபடி நீண்டதும் பிடித்து இழுத்துவிட்டேன். நன்றாகக் கொழுத்திருந்தது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் இடது கை நாயின் தாடையைப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் இறங்கினார். "இந்தக் கதிர ஆடுது, தச்சன்கிட்ட சொல்லணும்."

ஜூன் 12, வெள்ளி
கடிதக் கட்டை நானே கொண்டுபோனேன். ரோஜர் வாசலில். தலையைத் தூக்கியது, நகரவில்லை. தாண்டினேன். கடிதக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான்.

அட்டைக் கதை துரைக்கு எட்டியிருந்தது. தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "நாய் பயம் போச்சா?"

"கொஞ்சம் இருக்கு சேர்."

சிரித்துக் கையெழுத்துப் போட்டார். மாலையில் பெரிய கிளாக்கர், "ஒன்ன நிரந்தரமாக்கச் சொல்லிட்டாரு" என்றார், என்னமோ தாமே சொல்லி வாங்கிக் கொடுத்தவர் மாதிரி. சந்தோஷம். வீட்டில் ரவை கிளறினோம்.

ஜூன் 14, ஞாயிறு
மழை விட்டிருக்கிறது. நானும் அம்மாவும் நோர்வூட் டவுன் கடைக்கு நடந்தோம். வளைவில் ரோஜர் ஓடி வந்தது, துரை பின்னால் நடந்து. அம்மா சட்டென்று றோட்டோர வடிகானுக்குள் இறங்கிவிட்டாள். நல்ல சேலை. கானில் மழைத் தண்ணீர். "எறங்குடி!" என்று என் கையை இழுத்தாள்.

றோட்டிலேயே நின்றேன். நாய் வந்து கையை மோந்தது. துரை "குட் மோர்னிங்" என்றார். நானும் சொன்னேன். போய்விட்டார்.

அவர் மறைந்த பிறகும் அம்மா ஏறவில்லை. "வேல போயிருமேடி" என்றாள், கானுக்குள் நின்றபடியே.

"போகாதும்மா. ஏறு."

கை நீட்டினேன். இன்னொரு தரம் றோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள்.