சுவர் பச்சையாகத்தான் இருக்கிறது என்றேன்

வசந்தா, என் கண்ணு,

நீ போய் நாலு வருடமாகிறது. தோ பாயோவில் அரசாங்க வீடு கிடைத்துப் போன வருடம் குடிவந்துவிட்டோம். ஒன்பதாவது மாடி. உன் அம்மா லிஃப்டுக்குப் பயந்து முதல் வாரம் முழுவதும் படியேறியே வந்தாள். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். உன் படத்துக்கு முன்னால் நின்றால் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கே எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாம் குடியிருந்த வீட்டில், பின்சந்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை படிந்திருக்குமே, அதைப் பற்றித்தான். மழைச் சாரல் படாத சுவர் அது. ஒழுகுகிற குழாய்தான் அதற்குத் தண்ணீர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைக்கிறவன் நான். சுரண்டப் போனேன். நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாய்.

"தொடாதீங்கப்பா."

"பாசிதானேம்மா?"

"பாசிதான். ஆனா செடி கொடிக்கெல்லாம் சொந்தக்காரப் பாசி. இதோட வம்சத்துல ஏதோ ஒண்ணுதான் தண்ணிய விட்டு முதல்ல தரைக்கு வந்துச்சாம். காஞ்சாலும் சாகாம இருக்கப் பழகிக்கிச்சுப்பா."

அது சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீட்டு வருடம். ஒழுகிய குழாயை அடைத்துவிட்டார்கள். சில நாளில் பச்சை வெளிறித் தூசு மாதிரி ஆனது. செத்துவிட்டது என்றேன். நீ ஒரு ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாய். சற்று நேரத்தில் அந்த இடம் மட்டும் பச்சை!

சனிக்கிழமைகளில் நீயும் உன் தோழி மைமூனும் பள்ளிக்கூடத்துப் புகுமுக வகுப்பு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து சொல்வீர்கள். ஒவ்வொன்றும் நூல் மாதிரி, அறை அறையாக இருக்குமாம். காய்ந்தால் உள்ளே சுருங்கும், மேல்தோல் உடையாமல் மடிந்துகொடுக்கும். நூல்கள் பின்னிக்கொண்டு மெத்தையாகிவிடும். மேலே இருப்பவை காய்ந்து கீழே இருப்பவற்றைக் காப்பாற்றும். கொஞ்சத்தைக் கட்டிலுக்கடியில் நிழலில் காயவைத்தாய், கொஞ்சத்தை அடுப்புப் பக்கத்தில். மெல்லக் காய்ந்தது பிழைத்தது. சட்டென்று காய்ந்தது பிழைக்கவில்லை. சுவர்ப் பாசி தண்ணீரில்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாய்.

இருபத்தோராவது நாள், நீ இருமியபோது இரத்தம் வந்தது.

சயரோகம் என்றார்கள். உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த சாயங்காலம் அந்தச் சுவரைப் பார்த்தேன். உன் நெஞ்சுக்குள் போனது இதுதானோ என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, நானாகவே நினைத்தேன். ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். எல்லாவற்றையும் சுரண்டினேன். நீலம் கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடித்தேன்.

மறுநாள் நீ கேட்ட முதல் கேள்வி, "அப்பா, செவுரு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு கண்ணு."

"தண்ணி விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் லா. பச்சை வந்துச்சு."

தினமும் கேட்டாய். இருபத்தைந்தாவது நாள், முப்பதாவது நாள் என்று, இல்லாத சுவருக்கு நான் நாள் எண்ணிச் சொன்னேன். நீ சிரிப்பாய். நாற்பத்தாறாவது நாள் போனபோது உன் கட்டில் காலியாக இருந்தது.

உன் துணிகளோடு நோட்டையும் கொடுத்தார்கள். திறந்து பார்த்த பக்கமெல்லாம் எனக்குத் தெரியாத இங்கிலீஷ். ஒரு வருடம் கழித்துத்தான் மைமூனிடம் கொடுக்க மனசு வந்தது. இருபத்தோரு நாள்வரை வாசித்துச் சொன்னாள். பக்கத்தைத் திருப்பினாள். நோட்டை என் பக்கம் நீட்டினாள்.

"மாமா, இது தமிழ்ல இருக்கு. நீங்களே படிங்க."

'அப்பா நகத்தில் நீலம். சுவர் போய்விட்டது. பயத்தில் செய்திருப்பார். பொய் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நாளைக்கும் கேட்பேன். கேட்காவிட்டால் இங்கே உட்கார்ந்து எதைப் பேசுவார், பாவம்?'

அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் தமிழில் எழுதினாய்? நான் படிக்கவேண்டும் என்றா? இல்லை, வலிக்கும்போது அதுதான் வந்ததா? மூச்சு வாங்குகிற பிள்ளை, என்னைப் பேசவைக்க அத்தனை நாளும் கேட்டிருக்கிறாய். அந்தப் பாசியால் சயரோகம் வராது என்று மைமூன் சொன்னாள். இப்போது அது தெரிந்து நான் என்னம்மா செய்ய?

மைமூன் டீச்சராகிவிட்டாள். போன வருடம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் பச்சை படிந்திருந்தது. கொஞ்சம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அதே சொந்தக்காரங்கதான் மாமா" என்றாள். அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சென்ற மாதம் பதின்மூன்று நாள் மழையில்லை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பாதி பச்சையானது, பாதி ஆகவில்லை. ஆகவில்லை என்றே எழுதினேன்.

இந்த புளோக்கில் யாருக்கும் உன்னைத் தெரியாது. எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இனி மாற்ற மாட்டேன். ஒரு மகள் இருந்தாள், பத்தொன்பது வயதில் போய்விட்டாள் என்று சொல்வேன். இது சத்தியம், கண்ணு.

வசந்தாவின் அப்பா