முதல் கயிறு

பிப்ரவரி 12, ஞாயிறு காலை

அன்புள்ள மார்னிக்கு,

இல்லை, பிஸ்டன் வந்துவிட்டது. ஜனவரி இரண்டாம் வாரமே வந்துவிட்டது. கடையில் தாமதமானால் பரவாயில்லை, பனி உருகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கடிதங்களிலும் எழுதியிருக்கிறாய். கடையில் தாமதம் இல்லை. தாமதம் இந்தச் சமையலறையில்தான்.

நாங்கள் நலம். டில்டாவுக்கு மேல்பல் ஒன்று விழுந்தது. பல் தேவதைக்கென்று தலையணைக்கு அடியில் வைக்க மறுத்துவிட்டாள். அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு நாள் குளிர் மைனஸ் முப்பதில் நின்றது. என் கார் கிளம்பவில்லை. ஆர்லோதான் தான் ஓட்டும் சாலைப் பனி தள்ளும் வண்டியில் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனான். அதிலிருந்து இறங்கியவள் அன்று முழுவதும் சாதாரணமாக நடக்கவில்லையாம். பனி தள்ளுவதுபோலத் தோளை முன்னால் தள்ளிக்கொண்டே போனாள் என்று ஆசிரியை சொன்னாள்.

எனக்கு அதே வேலை. சட்டங்களில் கண்ணாடி பொருத்துகிறேன். வெளியே பார்க்காமல் நாள் முழுவதும் ஜன்னல்கள்.

பனிமேல் ஓடும் அந்தச் சின்ன வண்டியின் எஞ்சினைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே எழுதுவேன். கை தயங்கும்போது தெரிந்ததை எழுதுவது சுலபம்.

அது எவ்வளவு சின்னது என்பதை மறந்திருந்தேன். நாம் அந்த வண்டியில் ஏறி உறைந்த ஏரியைக் கடந்த நாட்களில் அது ஒரு மிருகம். இப்போது ரொட்டித் தட்டில் வைத்து ஒரு கையால் தூக்கி வந்தேன். டில்டா அதை மடியில் வைத்துக்கொண்டு, பூனை மாதிரி இருக்கிறது என்றாள். உள்ளே பிஸ்டனின் பக்கவாட்டில் நான்கு கோடுகள். நகத்தால் தடவினால் நகம் நிற்கும். சிலிண்டரிலும் அதே கோடுகள். சிலிண்டரின் துளையைப் பெரிதாக்கக் கொடுத்தேன். பழைய பிஸ்டனைத் தூக்கி எறியவில்லை.

எஞ்சின் கூட்டைச் சேர்த்த நாளைச் சொல்ல வேண்டும். அலுமினியக் கூட்டை அடுப்பில் வைத்தேன், கேக் சுடும் சூட்டில். அதற்குள் சுழலும் கிராங்க் தண்டை, பேரிங்குகளோடு, முந்தைய மாலையே வெளியே பனியில் புதைத்திருந்தேன். ஒன்று விரிய வேண்டும், ஒன்று சுருங்க வேண்டும். டில்டா பின்வாசலில் அடையாளத்துக்கு ஒரு கரண்டியை நட்டு வைத்திருந்தாள். காலையில் பனி பெய்து கரண்டியும் மூடிப்போயிருந்தது. இருவரும் கையால் தோண்டினோம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெள்ளைக் காலை. வானமும் ஏரியும் ஒன்று. அவள் தண்டைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல உள்ளே கொண்டுவந்தாள். சூடான கூட்டுக்குமேல் பிடித்தேன். தள்ளவில்லை. தானே இறங்கியது. சத்தமில்லாமல், கடைசி வரை. பிறகு இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தன. இனி பிரிக்க முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அடுப்பில் இன்னும் அந்த வாசனை. உருளைக்கிழங்கும் எஞ்சினும்.

டில்டா தினமும் பள்ளி விட்டதும் கொட்டகைக்குப் போய்விடுவாள். எஞ்சின் இல்லாத வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் ஓட்டுவாள். நான் சமையலறையிலிருந்து கேட்பேன். சமவெளியில் ஒரு சுருதி. கரை ஏறும்போது இறங்கும். பனிக்கட்டிக்கு வந்ததும் நீண்டு, மெலிந்து, தூரமாகிவிடும். மெதுவாகப் பாடுகிறாளா, உண்மையாகவே தூரம் போய்விட்டாளா என்று எனக்குச் சந்தேகம் வரும். ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கேதான் இருந்தாள். அந்தப் பக்கத்துக் கரை வரை போனேன், பனிக்கட்டிமேல் போட்ட மீன்பிடிக் குடிசைகளில் எல்லாம் ஆள் இருந்தார்கள் என்று சொன்னாள்.

ஆர்லோ ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டிப்பார்க்கிறான். எங்கேயாவது பழைய வண்டியைப் பிரித்தால் ஒரு திருகாவது எனக்கு எடுத்துவருகிறான். நான் ஒரு வேலையை நான்கு முறை செய்வதைப் பார்த்துச் சிரிக்கிறான். நீ இதை முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு வளர்ந்து, அவ பொண்ணுக்கு இது சின்னதாப் போயிடும் என்கிறான். இருபத்தைந்தாம் தேதி ஏரியில் பழைய வண்டிகளின் கூட்டம். குழந்தைகள் சுற்றில் டில்டாவின் பெயரை என்னைக் கேட்காமலே எழுதிவிட்டான். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. உன் வீட்டுக் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிவிட்டு வந்தான். அதை வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி உண்மை. எஞ்சினை வண்டியில் ஏற்றி இரண்டு வாரமாகிறது. நான் அவளிடம் சொல்லவில்லை. ஏதோ ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கார்புரேட்டரில் அடைப்பு. கேஸ்கெட் கசிவு. ஒரு ஸ்பிரிங் வரவேண்டும். பொய்கள் எல்லாம் சரியான பெயர்களோடு.

ஏனென்றால் நவம்பரில் நீ சிகிச்சைக்குக் கிளம்பும்போது காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னாய். இந்த வண்டி திரும்ப ஓடுற அன்னைக்கு அம்மா இங்க இருப்பேன், முதல் கயிறு நான்தான் இழுப்பேன் என்று. நம் ஊரில் அது சும்மா பேச்சில்லை. பிரித்துச் சேர்த்த எஞ்சினைக் கிளப்ப, வண்டிக்குச் சொந்தக்காரர் தவிர யாரும் முதல் கயிறு இழுப்பதில்லை. ஆர்லோ அந்தக் கைப்பிடியைத் தொடக்கூட மாட்டான். அது உன் வண்டி. ஆறாவது பிறந்தநாளுக்கு உனக்குத் தந்தது. ஆகவே எஞ்சின் தயார் என்றால் நீ வரவேண்டும். நீயோ தொண்ணூறு நாள் முடியப்போகிறது, இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கக் கேட்டிருக்கிறேன், வெளியே வரப் பயமாக இருக்கிறது என்று எழுதுகிறாய். அதே பக்கத்தில், பிஸ்டன் வரவில்லைதானே என்றும் கேட்கிறாய்.

நீ தயாராகும் வரை எஞ்சினும் தயாராகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி தொட்டியை மட்டும் நிரப்பி வைக்கலாம் என்று பெட்ரோலில் எண்ணெய் கலந்தேன். எண்ணெய் கலந்த கேன் என்று தெரிய, அதன் கைப்பிடியில் வழக்கம்போலச் சிவப்பு நூலைக் கட்டினேன். மறுநாள் பார்த்தால் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. புதியது. ஆர்லோவின் குறும்பு என்று நினைத்து அவனைத் தொலைபேசியில் திட்டினேன். எனக்கு எதுக்கு உன் பிளக், காதுல மாட்டிக்கவா என்று கேட்டான்.

நேற்று முன்தினம் அவளுடைய கையுறைகளைத் துவைக்க எடுத்தேன். இடதுகைப் பெருவிரலுக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. எட்டு நாளாக அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போயிருக்கிறாள். பெருவிரலை மடக்கிக்கொண்டு.

பிளக்கை மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள். அழவில்லை.

"எப்படா எடுத்தே?"

"நூல் கட்டினீங்கல்ல, அன்னைக்கு. நூல் கட்டினா வண்டி ரெடின்னு எனக்குத் தெரியும் பெரியம்மா."

பிறகு ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா இன்னும் ரெடி ஆகலையே. வண்டி மட்டும் ரெடி ஆயிட்டா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல."

மார்னி, ஒரு சின்ன எஞ்சினை ஓடவிடாமல் மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுக்கு வயது ஏழு.

நான் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்று உண்டு. அதற்காகத்தான் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன்.

எண்ணெய் கலந்து நூல் கட்டினேன் என்றேன் அல்லவா, வரிசை அதுவல்ல. முதலில் நூலைக் கட்டிவிட்டேன். பிறகுதான் அலமாரியில் எண்ணெய்க்குக் கை நீட்டினேன். நூலைப் பிடித்துக்கொண்டு எண்ணெயைத் திறக்க முடியாது, அதனால் கை அப்படிப் பழகியிருக்கிறது. பாட்டிலை எடுத்தேன். போன மார்ச்சில் வாங்கியது. மூடியில் முத்திரை உடையவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மார்ச்சில் அந்தக் கேனை நிரப்பியது நான். நூலைக் கட்டினேன். அப்போது வேலைக்கு முன்னதாக வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. போய்விட்டேன். எண்ணெய் ஊற்றவில்லை. அந்தச் சின்ன எஞ்சினுக்கு வேறு எண்ணெய் கிடையாது, பெட்ரோலோடு வருவதுதான். மாலையில் நூல் கட்டிய அந்தக் கேனிலிருந்து நீ ஊற்றி அவளை ஏரிக்கு அனுப்பினாய். நடு ஏரியில் எஞ்சின் இறுகி நின்றது. நிற்பதற்கு முன் அது ரொம்ப அழகாகப் பாடியது என்று டில்டா அப்போது சொன்னாள், நினைவிருக்கிறதா. இருட்டும் நேரத்தில் அவள் தனியாக நடந்து வந்தாள். மீன் குடிசையிலிருந்து ஆர்லோ பார்த்திருக்காவிட்டால்.

கேனில் எண்ணெயின் நீலம் இல்லை, வெறும் பெட்ரோல் என்று ஆர்லோ சொன்னபோது எல்லோரும் உன்னைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். நீ எழுந்து உட்கார்ந்து, நான்தான், குடிச்சிருந்தேன், கலக்காம நூல் கட்டியிருப்பேன் என்றாய். உனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய். எனக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். இல்லை. அல்லது இருந்து, நான் அதைப் பார்க்கவில்லை. எது என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் ஏரியில் இருந்தபோது நீ தூங்கினாய். அது உன்னுடையது. அதை உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்தால் அதுவும் ஒரு பொய். ஆனால் எஞ்சின் நின்ற தவறு என்னுடையது. அன்று மாலை நீ செய்ததில் ஒன்று சரியாக இருந்தது: நூல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்றினாய். பதினோரு மாதமாக அந்தப் பழியோடு ஒவ்வொரு காலையும் எழுந்திருக்கிறாய். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் காகிதத்தில் மிகச் சின்னதாக இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும்.

டில்டாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். ஆர்லோவிடமும். அவன் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, அவகிட்ட மொதல்ல சொல்லு என்றான். டில்டா யோசித்துவிட்டு, அப்போது அம்மாவுக்கும் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பாவம் அம்மா என்றாள். என்னைப் பற்றி என்ன நினைப்பது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

கனவில் அந்தச் சத்தம் வருகிறது எனக்கு. ஓடாத எஞ்சினின் சத்தம். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, வீட்டைச் சுற்றி, போய்விடுகிறது. யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிவதில்லை. சில சமயம் நீ, ஆறு வயதில், அந்த மஞ்சள் தொப்பியோடு.

வியாழக்கிழமை மாலை உனக்குத் தொலைபேசி நேரம். அரை மணி. இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிடும். டில்டாவிடம் பேசு. எப்போது வருவாய் என்று சொல்ல வேண்டாம். தேதி எதுவும் வேண்டாம். இன்னும் ஒரு மாதம் வேண்டுமென்றால் இரு; அதற்கு மேலும் வேண்டுமென்றால் இரு. நானும் ஆர்லோவும் இருக்கிறோம். அவளிடம் ஒன்று மட்டும் சொல். முதல் கயிற்றை நீயே இழு என்று. அது உன் உரிமை, நீ கொடுத்தால்தான் அவளுக்குப் போகும். நான் கொடுக்க முடியாது.

அது ஓடட்டும், மார்னி. நீ மெதுவாக வா. எதுவும் கிளம்பியதற்காக அல்ல, உனக்கு வரவேண்டும் என்று தோன்றும் ஒரு சாதாரண நாளில். சுடச்சுட ஏதாவது இருக்கும். இங்கே உனக்கான அறையில் வெப்பத்தை அணைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே உன்னோடு அறையில் இருக்கும் பெண்ணுக்கு இதோடு அனுப்பும் காலுறைகளில் ஒரு ஜோடியைக் கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் வேறு வேண்டுதல் இல்லை.

என்றும் உன்
அக்கா சிக்ரிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு இதைப் பின்புறத்தில் எழுதுகிறேன். தபால் நாளைக்குத்தான் எடுப்பார்கள், ஆனாலும் இப்போதே பெட்டியில் போட்டு, தபால்காரருக்கு அடையாளமாக அதன் கொடியை உயர்த்தி வைக்கப்போகிறேன். கொட்டகைக் கதவின் முன் இடுப்பளவு பனி குவிந்திருந்தது. அதை அள்ளி ஒதுக்கிவிட்டு வந்தேன், வண்டி வெளியே வரும் அகலத்துக்கு.