மஞ்சக்குப்பத்தில் இல்லாத பெட்டி

என் அருமைப் பாவி, மச்சான் சரவணனுக்கு,

உனக்கு முதலாமாண்டு நினைவு மலர் போடுகிறார்கள். நம் நாடகத் துறையில்தான். அட்டையில் அந்தத் தாடி வைத்த படம், கீழே 'கலைக்காக உயிர் நீத்த இளைஞர்' என்று ஒரு வரி. உன்னோடு ரெண்டு வருஷம் எம்.ஏ. படித்தவள், உன்னோடு சேர்ந்து கடைசி நாடகத்தைச் செய்தவள் என்பதால் நானும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் நீ கலைக்காகச் சாகவில்லை. அதை விட்டுவிட்டு ஓடும்போது செத்தாய். அதைத்தான் எழுதப் போகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

உங்கம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். "எழுது. நான் உன்னத் திட்டுனதையும் சேத்து எழுது" என்றார்கள்.

நாம் செய்த நாடகம் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன ஒற்றை அறை வீட்டை ஒரு அண்ணனும் தங்கையும் சாக்பீஸால் கோடு கிழித்துப் பாகம் பிரித்துக்கொள்வார்கள். நீ அண்ணன், நான் தங்கை. ரெண்டே பேர், முக்கால் மணி நேரம். நம் இறுதித் தேர்வே அதுதான். "எழுதி வச்சுக்கலாம்டா" என்று உன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "எழுதுனா அது செத்துடும் மச்சான்" என்று சுவரில் சாய்ந்துகொண்டு பெரிய மேதை மாதிரி சொன்னாய். அதனால் நாடகத்தில் பாதி என் வாயிலும் பாதி உன் வாயிலுமாக இருந்தது. இப்போது உன் பாதி எங்கே இருக்கிறது, சொல்லேன்?

எழுதாமல் நடிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. முதல் செமஸ்டரிலேயே நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'ஆமாம்' என்று சொல்லி, அதன்மேல் ஒன்றைக் கட்ட வேண்டும். "உன் கையில இருக்குறது பாம்பு" என்று நீ சொன்னால், "ஆமா, பசியா இருக்கு அதுக்கு" என்று நான் சொல்ல வேண்டும். 'இல்லை' என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும்.

வகுப்போடு நிறுத்தினோமா நாம்? சிதம்பரம் கீழவீதி டீக்கடையில் நீ பாட்டுக்கு "மச்சானுக்குப் போலீஸ் வேலை கெடச்சிருக்குண்ணே" என்று என்னைக் காட்டினாய். நானும் கால் மணி நேரம் டிரெயினிங் கதை அளந்தேன். அதற்கப்புறம் அந்த அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீயில் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக் கொடுத்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் லவ்வா லவ்வா என்று நோண்டியதால்தான் நீ என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. காலை எட்டரைக்கு ஒத்திகைக் கூடத்தைத் திறந்து, தரையைக் கூட்டி, சாக்பீஸோடு உட்கார்ந்திருந்தேன். உன் குரல் செய்தி வந்தது.

"மச்சான், நான் இன்னைக்கு வரல. இனிமேயும் வரமாட்டேன்னு நெனைக்கிறேன். சென்னையில ஒரு சீரியல்ல கேரக்டர் குடுக்குறாங்க, மூணு மாசம் வரும்ன்றாங்க. இன்னைக்கே வந்தாத்தான் உண்டாம். நீ தனியாவே பண்ணிக்க, உன்னால முடியும். அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாத, நானே சொல்லிக்கிறேன்."

'உன்னால முடியும்' என்றாயே, அதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் பதிலுக்கு ரெண்டே வார்த்தை அனுப்பினேன். போய்த் தொலை. அது உனக்குப் போய்ச் சேரவே இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நம் ஆட்கள் கண்ணில் பட்டுவிடுவாய் என்று உங்கள் ஊர் புவனகிரியிலிருந்து கடலூருக்கே வண்டியில் போயிருக்கிறாய், அங்கே பஸ் ஏறிக்கொள்ளலாம் என்று. சிப்காட் தாண்டி ஒரு வளைவில் மணலில் வண்டி சறுக்கியிருக்கிறது. யாரும் இடிக்கவில்லை, யார்மேலும் தப்பில்லை. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டியிருந்தாய். முடி கலைந்துவிடும், அதுதானே? சீரியல்காரர்களுக்கு உன் முடி கலையாமல் வேண்டும். முட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை. ஒரே கேள்வியைப் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காலேஜு சிதம்பரத்துலதான இருக்குது? அவனுக்குக் கடலூர்ல இன்னா வேலை?"

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நாடகத்துக்காவத்தான போனான்?"

"ஆமாம்மா" என்றேன்.

யோசிக்கவே இல்லை சரவணா. ரெண்டு வருஷம் பழகிய வாய், அதுவே சொல்லிவிட்டது. சொன்னதோடு விட்டேனா? வகுப்பில் மாதிரியே அதன்மேல் கட்டினேன். "நான்தாம்மா அனுப்பிச்சேன். மஞ்சக்குப்பத்துல ஒருத்தர் வீட்ல பழைய மரப்பெட்டி ஒண்ணு இருக்குது. நாடகத்துக்கு வேணும், எடுத்துட்டு வான்னு சொன்னேன்." எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம் என்பதால் வாயில் அந்த ஊர் வந்தது. பெட்டி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னை நல்லவனாகக் காட்ட மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. போய்த் தொலை என்று அனுப்பியவளுக்கு அடி வாங்க வேண்டும் போலிருந்தது.

அடி கிடைத்தது. உங்கம்மா என் கையை உதறிவிட்டு எழுந்து நின்றார்கள். "ஒரு பொட்டிக்கு எம்புள்ளைய அனுப்பிச்சியாடி நீ?" வார்டிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புவனகிரி வந்தேன். உங்கண்ணன் வாசலிலேயே மறித்தார். "வாம்மா நடிகை. இங்க மேடை எதுவும் போடல, திரும்பிப் போ." கையில் வாங்கி வந்த மாலையோடு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டு ஆயா யாருக்குக் கல்யாணம் என்று கேட்டது. துறையில் வைத்த இரங்கல் கூட்டத்தில், மேடைப் பொருளைத் தேடிச் சென்ற வழியில் மாண்டான் என்று ஆளாளுக்குத் தொண்டை அடைக்கப் பேசினார்கள். ஜூனியர் பிள்ளைகள் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்கள். உன் குரல் என் போனில் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும், நான் தப்பித்துவிடலாம். ஆனால் உங்கம்மாவுக்கு உன்னைப் பற்றி மிச்சமிருந்த ஒரே நல்லது போய்விடும். என்ன மாதிரி இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனாய் என்று உனக்குப் புரிகிறதா?

வேறு யாரையாவது வைத்துச் செய், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் செய் என்றார்கள் துறையில். முடியாது, தனியாகவே செய்கிறேன் என்றேன். உன்மேல் இருந்த கடுப்பில்தான் சொன்னேன்.

தேர்வன்று காலையில் உங்கம்மாவும் அண்ணனும் வந்துவிட்டார்கள். நாடகத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உங்கம்மா மட்டும் நேராக மேக்கப் அறைக்குள் வந்தார்கள்.

"அந்தப் பொட்டியக் காட்டு. நான் பாக்கணும்."

சரவணா, நாடகக்காரியிடம் பெட்டி கேட்டால் பெட்டி இல்லையென்று சொல்வாளா? ஸ்டோர் ரூமில் நம் மரப்பெட்டி இருந்ததே, ராஜா வேஷத்துக்குச் சிம்மாசனம், செத்தவன் வேஷத்துக்குப் பாடை, நீ பரோட்டா தின்ன உட்காரும் மேஜை. இழுத்துக்கொண்டு வந்தேன். ரெண்டு நிமிஷ வேலை. மனசு கூசவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் இழுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கம்மா தரையில் உட்கார்ந்தார்கள். முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தார்கள், ஒரு மூலை விடாமல். "இதுக்காடா போன" என்று அதனிடமே பேசினார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆட்டம் முடிஞ்சதும் இத நான் எடுத்துக்குனு போறேன். அவன் போட்டாவுக்குக் கீழ வச்சிக்கிறேன். தெனம் வெளக்கேத்தணும்" என்றார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் அதே பெட்டிக்குள் ஒரு ஜூனியர் பையன் பிணமாகப் படுத்துக் கொட்டாவி விட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். அடியில் வெள்ளை பெயின்டில் துறையின் சரக்கு எண் இருக்கிறது. அதற்கு உங்கம்மா தினமும் விளக்கேற்றுவார்களா? என்னால் முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

"இன்னா இல்ல?"

"அவன் பெட்டி எடுக்கப் போகலம்மா. நான் அனுப்பல. நாடகத்த விட்டுட்டுச் சென்னைக்குப் போனான்."

நம்பவில்லை. போனை எடுத்து உன் குரலைப் போட்டேன். மூன்று தடவை கேட்டார்கள். 'அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாத' என்று நீ சொல்லும் இடம் வரும்போதெல்லாம் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"சளி புடிச்சிருக்குது அவனுக்கு" என்றார்கள். "மூக்குலயே பேசுறான் பாரு."

ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன் அந்தச் செய்தியை. எனக்கு அது தெரியவே இல்லை.

"உன்னயும் உட்டுட்டுத்தான் போயிருக்கான்."

"ஆமாம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குடி உம்மேல இழுத்துப் போட்டுக்குன?"

என்ன சொல்வேன்? வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றா?

"இந்நேரம் அவனத் திட்டணும் நானு. வாய் வரல" என்றார்கள். "உன்னத் திட்டித்தான் இத்தினி நாளும் எனக்குச் சோறு எறங்குச்சு. இனிமே நான் யாரத் திட்டுவேன், சொல்லு."

"என்னையே திட்டுங்கம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். "சரி, போ. போயி ஆடு." வெளியே போய் உங்கண்ணனிடம் அவர்களே எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. தம்பி தப்புச் செய்தான் என்பதைவிட நான் செய்தேன் என்பது அவருக்குச் சுலபமாக இருந்தது போல.

ஆடினேன். உன் இடத்தை எதைக் கொண்டும் நிரப்பவில்லை. கோடு கிழித்தேன், என் பக்கம் நின்று என் வசனத்தைச் சொன்னேன், உன் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காலியாக இருந்த உன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி என் வசனம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் 'மௌனங்கள் அருமை' என்று குறித்துவிட்டுப் போனாராம். மௌனமாவது, மண்ணாவது. அந்த நேரமெல்லாம் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான்.

பாஸாகிவிட்டேன். இப்போது கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறேன். 'ஆமாம்' விளையாட்டைச் சொல்லித் தரும் அன்றே, அது எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் சீரியலையும் பார்த்தேன். அந்த கேரக்டருக்கு வேறொரு பையனைப் போட்டார்கள். மூணு மாசமாம். வில்லனுக்குப் பின்னால் நின்றான், "ஓகே பாஸ்" என்று ரெண்டு தடவை சொன்னான், ஒரு அறை வாங்கினான், நாலாம் நாள் ஆளைக் காணோம். இதற்காகவாடா? டி.வி.யை அணைத்துவிட்டு அன்று முழுக்க அழுதேன். நீ ராஜாவாக நடிக்கப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் புவனகிரிக்குப் போகிறேன். உங்கம்மா தெருவிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். "வந்துட்டியாடி, எம்புள்ளைய முழுங்குனவளே." அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும். நான் நின்று கேட்டுக்கொள்வேன். அவர்களுக்கும் உண்மை தெரியும், எனக்கும் தெரியும். திட்டி முடித்ததும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். நண்டுக் குழம்பு இருந்தால் எனக்கென்று பெரிய காலாக எடுத்து வைத்திருப்பார்கள்.

போன வாரமும் அப்படித்தான். என்னைத் திட்டிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். என்னைப் பார்க்காமல் சுவரில் உன் படத்தைப் பார்த்தார்கள். இந்த ஒரு வருஷத்தில் உன்னை அவர்கள் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏண்டா சரவணா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நான் சோறு கட்டிக் குடுத்திருப்பேனேடா."

அவ்வளவுதான். அதற்குமேல் வரவில்லை. மறுபடியும் என் பக்கம் திரும்பி என்னையே திட்ட ஆரம்பித்தார்கள்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அவர்கள் உன்னை வாயாரத் திட்டப் பழகுகிற வரைக்கும், எத்தனை வருஷம் ஆனாலும், நான் அந்த வாசலில் போய் நிற்பேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

உன் மச்சான்,
பவானி