தோப்புப் படகில் விழுந்த துண்டு

11-2-86, செவ்வாய். கப்பலில்.

இந்தத் தீவில் கப்பல் அரை நாள்தான் நின்றது. ஒரு படகு பவளப்பாறை காட்டப் போகும், இன்னொன்று தென்னந்தோப்புக்கு. பவளப்பாறைதான் என்று நேற்றே நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம்.

இறங்கும்போது கூட்டத்தைப் பார்த்தவருக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் நினைப்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, முன்னால் நின்ற படகில் வீசி இடம் போட்டார். அது தோப்புப் படகு.

"துண்ட எடுத்துக்கினு வாங்க. பவளப்பாறப் படகு காலியாத்தான் கீது" என்றேன்.

"புடிச்ச எடத்த எவனாவது உடுவானா? ஜல்தியா ஏறு."

கெடாரில் எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னைதான். கடல் தாண்டி வந்தும் அதையே பார்த்தோம். நம்ம காய்தான் பெரிசு என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நாளை வேறொரு தீவு. துண்டை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.